பூச்சியத்தை நகர்த்திய அனுஷியா

கொட்டாஞ்சேனையில் ஹமீட் நானாவின் பட்டறைக்கு வழி கேட்டுப் பாருங்கள். ஜம்பட்டா வீதி முனையில் நிற்கிற முச்சக்கர வண்டிக்காரர்கள் கையை நீட்டுவதற்கு முன்னால், "ஓதுற அக்காட பட்டறையா?" என்று ஒரு கேள்வி கேட்பார்கள். அந்த அக்கா கோயிலில் ஓதுகிறவள் அல்ல. உலோகம் வெட்டுகிற சீ.என்.சீ. மெஷினுக்கு முன்னால் நின்றுகொண்டு, அதற்காகத் தான் எழுதிய புறோகிராமை வரி வரியாகச் சத்தம் போட்டு வாசிக்கிறவள். பட்டப்பெயர் வைக்கிறதில் நம்மவர்களை அடிக்க ஆள் இல்லை.

அவள் பெயர் அனுஷியா. அப்பா இராமர் பொகவந்தலாவைத் தேயிலைத் தோட்டத்திலிருந்து வந்து, ஜிந்துப்பிட்டியில் ஒரு சைவக் கடையில் தோசைக்கல்லுக்கு முன்னால் நின்றே காலத்தைக் கழித்தவர். அம்மா சீனியம்மா இடியப்பம் அவித்துக் கடைகளுக்குக் கொடுத்தாள். மகளை மருதானையில் தொழில்நுட்பப் படிப்புக்கு அனுப்பியபோது, "பொம்பளப் பிள்ளைக்கு இரும்பு வேலை என்னத்துக்கு?" என்று கேட்ட உறவுக்காரர்கள் இருந்தார்கள். அவர்களுக்கு இராமர் சொன்ன பதில் அச்சில் போடக்கூடியது அல்ல. ஆனால் படித்து முடித்து வந்தவளுக்கு ஹமீட் நானா கொடுத்த வேலை என்னவோ பில் எழுதுகிற வேலைதான்.

அந்த நாளில் பட்டறையின் பெரிய மெஷின் படங்குத் துணியைப் போர்த்திக்கொண்டு மூலையில் கிடந்தது. ஜப்பானில் ஓடித் தேய்ந்து, இங்கே இரண்டாம் கையாக வந்தது. அதை ஓட்டத் தெரிந்த ஒரே ஆள் கட்டாருக்குப் போய்விட்டான். விற்றுத் தொலைக்கப் போகிறேன் என்று ஹமீட் நானா தினமும் காலையில் ஒரு தடவை சொல்லுவார். ஒருநாள் அனுஷியா பில் மேசையிலிருந்து எழுந்து போய்ப் படங்கை இழுத்தாள்.

"நானா, இத எனக்கு கொஞ்ச நாளைக்கு விடுங்க. ஓட்டிப் பார்க்கிறேன்."

"மகள், நீங்க ஒடச்சா?"

"விக்கப் போற சாமான்தானே. ஒடஞ்சா எடைக்கு வித்திடுங்க."

ஹமீட் நானாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்தால் அவர் மறுக்கமாட்டார். அன்றைக்கு அவர் சிரித்தது நல்லதாய்ப் போயிற்று.

அந்த மெஷினுக்கு ஒரு பாஷை உண்டு. ஆங்கில எழுத்தும் எண்ணும் சேர்ந்த பாஷை. எந்த நாட்டில் செய்த மெஷினானாலும் ஏறக்குறைய அதேதான். ஜீ பூச்சியம் என்றால் எதையும் வெட்டாமல் விரைந்து போ. ஜீ ஒன்று என்றால் வெட்டிக்கொண்டே நேராகப் போ. எக்ஸ் என்றால் இடம் வலம், வை என்றால் முன் பின், இசட் என்றால் மேல் கீழ். எங்கிருந்து அளக்க வேண்டும் என்று முதலில் ஒரு புள்ளியை அதற்குக் காட்டிக் கொடுக்க வேண்டும். அந்தப் புள்ளிக்குப் பெயர் பூச்சியம். அதற்குப் பிறகு எல்லா அளவும் அங்கிருந்துதான்.

அனுஷியா இந்தப் பாஷையைப் படித்த விதம் அவளுக்கே உரியது. பழைய ஆள் விட்டுப்போன புறோகிராம்களைத் திரையில் வரவழைத்து, ஒவ்வொரு வரியையும் தமிழில் சொல்லிப் பார்த்தாள். "இப்ப ஒசக்க பறந்து போ. நில்லு. கத்திய சுத்து. மெதுவா எறங்கு. இனிமே வெட்டிக்கிட்டே வலது பக்கம் போ, போ, போ, ஆ, நில்லு!" பட்டறையில் கடைசல் லேத் அடிக்கிறவர்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். சிரிக்கட்டும். கண் தாவிப் போய்விடுகிற இடத்தில் அவள் வாய் தடக்கி நிற்கும். தடக்கின இடத்தைப் பார்த்தால் பிழை அங்கே இருக்கும். சொந்தமாக எழுதத் தொடங்கிய பிறகும் அந்தப் பழக்கத்தை அவள் விடவில்லை. வாசித்து முடித்தும் உடனே வெட்ட மாட்டாள். பூச்சியத்தை உலோகத்துக்கு மேலே உயர்த்தி வைத்து, முழுப் புறோகிராமையும் காற்றில் ஒருமுறை ஓட்டிப் பார்ப்பாள். கத்தி வெறும் வெளியில் சுற்றிச் சுற்றி வேலை செய்வதைப் பார்த்து, "என்ன மிஸ், இது வெட்டுமா, இல்ல காத்து வாங்குமா?" என்று வாடிக்கையாளர்கள் பொறுமை இழப்பார்கள். அனுஷியா திரும்பிக்கூடப் பார்க்க மாட்டாள். வருஷங்கள் போனதில் அவள் கெடுத்த உலோகம் என்று சொல்ல அந்தப் பட்டறையில் ஏதும் இல்லை. இதைவிட வேறென்ன கெட்டித்தனம் வேண்டும்?

பிறகு வந்தது வரிசைகளின் வருஷம். பெற்றோலுக்கு வரிசை, காஸுக்கு வரிசை, பால்மாவுக்கு வரிசை. நாட்டில் டொலர் தீர்ந்துபோனதில் துறைமுகத்துக்குச் சாமான் வரவில்லை. கரண்ட் முறை வைத்துப் போயிற்று. மற்றப் பட்டறைகள் கதவைச் சாத்தின. ஏனென்றால் இந்த வகை மெஷினுக்கு ஒரு குணம் இருக்கிறது: ஒரு கட்டளை கொடுத்தால், நீங்கள் மாற்றிச் சொல்லும்வரை அதைப் பிடித்துக்கொண்டிருக்கும்; கரண்ட் போனாலோ சொன்ன அத்தனையையும் மறந்துவிடும். நடுவில் நின்ற வேலையை மறுபடி நடுவிலிருந்து தொடங்குவது பாம்புப் புற்றுக்குள் கை விடுகிற மாதிரி.

அனுஷியா என்ன செய்தாள் தெரியுமா? மின்வெட்டு அட்டவணையைப் பார்த்துப் புறோகிராம் எழுதினாள். நீளமான வேலையைத் துண்டு துண்டாகப் பிரித்து, ஒவ்வொரு துண்டும் கரண்ட் போவதற்கு முன் முடிகிற மாதிரி அமைத்தாள். ஒவ்வொரு துண்டின் தலையிலும், எல்லாம் மறந்துபோன மெஷினுக்குச் சொல்வதுபோல, எல்லாவற்றையும் புதிதாகச் சொன்னாள்: எந்தப் பூச்சியம், எந்தக் கத்தி, அந்தக் கத்தியின் நீளம் எவ்வளவு, எவ்வளவு வேகம். இதை அவளுக்கு யாரும் சொல்லித்தரவில்லை. உலகத்தில் வேறு யாருக்கும் இப்படி எழுத வேண்டிய தலையெழுத்தும் இருந்திருக்காது! அந்த வருஷம் கொட்டாஞ்சேனையில் மா அரைக்கிற மில்லும் ஐஸ் கம்பனியும் ஓடியதென்றால், இறக்குமதிக்கு வழியில்லாத உதிரிப்பாகங்களை அவள் இப்படித் துண்டு துண்டாக வெட்டிக் கொடுத்ததும் ஒரு காரணம்.

அப்படியான ஒரு முற்பகலில் ஹமீட் நானா வெள்ளவத்தையிலிருந்து ஒருவரைத் தன் வேனில் கூட்டிவந்தார். இரண்டு கக்கத்திலும் ஊன்றுகோல். ஒரு பக்கக் காற்சட்டை மடித்துக் குத்தியிருந்தது. ஆள் நெடுவல்; நன்றாக எண்ணெய் வைத்து வாரிய தலை.

"மகள், இவர் சின்னராசா. வெள்ளவத்தையில சலூன் வெச்சீக்கி. இவர்தான் எனக்கு தாடி ஒதுக்கிற. இவர் கடைய பூட்டினதில இருந்து என்ட மொகரய பாருங்க, காடு மாதிரி ஈக்கி."

சின்னராசா சிரித்தபடி வாங்கில் உட்கார்ந்தார். பல வருஷத்துக்கு முன் தெகிவளைப் பக்கம் ரயிலிலிருந்து விழுந்து, முழங்காலுக்கு மேலே கால் போனவர். செயற்கைக் கால் போட்டுக்கொண்டுதான் இத்தனை காலமும் நின்று முடி வெட்டினார். அந்தக் காலின் முழங்காலில், கையளவு அலுமினியக் கட்டை ஒன்று இருக்கிறது. உட்காரும்போது அது மடங்கும். நிற்கும்போது அதிலுள்ள பிளவுக்குள் ஒரு தாழ் விழுந்து காலை நேராகப் பூட்டும். அந்தக் கட்டைதான் விரிசல் கண்டு வெடித்துவிட்டது. செய்த கம்பனி இப்போது அந்த வகை செய்வதில்லை. புதிய கால் வெளிநாட்டிலிருந்து வரவேண்டும். எப்போது வரும் என்று கால் பொருத்துகிற நிலையத்தில் இருப்பவர்களுக்கே தெரியாது.

"பிள்ளை, ரெண்டு கையாலயும் தடியப் பிடிச்சுக்கொண்டு நிண்டா, கத்தரிக்கோல ஆர் பிடிக்கிறது?" என்று அவர் கேட்டார். "வீட்டில சும்மா இருக்கிறன். மனிசி ஒண்டும் சொல்லுறாளில்லை. அதுதான் கூடக் கஷ்டமா இருக்கு."

அனுஷியா வெடித்த கட்டையைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"செய்யலாம் அண்ணே. ஆனா இந்தத் தாழ் விழுற எடம் கொஞ்சம் லூஸா வந்தாலும்..."

"கால் மடங்கும்," என்றார் சின்னராசா. "நான் விழுறதப் பற்றி எனக்குக் கவலையில்லை பிள்ளை. விழுந்து பழகினனான். ஆனா நான் நிக்கேக்க என்ர கையில சவரக்கத்தி இருக்கும். அதுக்குக் கீழ இன்னொருத்தன்ர கழுத்து இருக்கும்."

இதுவரை அனுஷியா வெட்டிக்கொடுத்தவை பல்சக்கரங்களும் தண்டுகளும்; பிழைத்தால் ஒரு மெஷின் நிற்கும், அவ்வளவுதான். இது அப்படியல்ல. முடியாது என்று சொல்லிவிடலாமா என்றுகூட அவளுக்கு ஒரு கணம் தோன்றியது. ஆனால் அவர் கைகள் மடியில் சும்மா கிடந்த விதத்தைப் பார்த்துவிட்டு அவளால் அதைச் சொல்ல முடியவில்லை. கால் பொருத்துகிற நிலையத்து அம்மாவுக்கு அங்கேயே ஃபோன் எடுத்தாள். அந்த அம்மா சரியான அளவுகளைத் தந்து, என்ன வகை அலுமினியம் வேண்டும் என்று சொல்லி, செய்து முடித்தபின் தானே பாரம் வைத்துச் சோதித்துத்தான் பொருத்துவேன் என்றும் கண்டிப்பாகச் சொன்னார்.

அந்த வகை அலுமினியம் எங்கே கிடைக்கும்? ஹமீட் நானா பஞ்சிகாவத்தைப் பழைய சாமான் கடைகளையெல்லாம் ஏறி இறங்கினார். கடைசியில் விமான உதிரி விற்ற ஒருவரிடம், பக்கவாட்டில் அந்த வகை எண் பொறித்த ஒரு அலுமினியக் கட்டி கிடந்தது. ஒன்றே ஒன்று. வேறு இல்லை, வர வழியும் இல்லை.

"மகள், இத கெடுத்தா திரும்ப எடுக்க ஏலாது," என்று அதை மேசையில் வைத்தார்.

"கெடுக்க மாட்டேன் நானா."

அப்படிச் சொன்னதை அவள் பிறகு நினைத்து நினைத்து நொந்தாள்.

அனுஷியா பழக்கிவிட்டதில் இப்போது மெஷினை ஓட்டுகிறவன் கிஷாந்த். ஹெந்தளையிலிருந்து பஸ்ஸிலும், பஸ் இல்லாத நாளில் சைக்கிளிலும் வருகிறவன். இரண்டு பிள்ளைகளின் தகப்பன், கை சுத்தமான வேலைக்காரன். அனுஷியா எழுதினாள், வாசித்தாள், காற்றில் ஓட்டினாள். பிறகு இருவரும் கட்டியை மெஷினின் வைஸ் பிடியில் இறுக்கி முதல் துண்டைத் தொடங்கினார்கள். முதல் துண்டின் வேலை கட்டியின் மேல்முகத்தை மட்டமாக்குவது மட்டும்தான். பெரிய கட்டர் கத்தி தேய்ந்துபோய், புதியது வாங்க வழியில்லாததால் சின்னக் கட்டரால் கோடு கோடாக உழுதுகொண்டு போனார்கள்.

முக்கால்வாசி ஆகியிருக்கும். கரண்ட் போயிற்று. அட்டவணையில் இல்லாத நேரம்! அட்டவணை போட்டவர்களை அனுஷியா வாய்க்கு வந்தபடி திட்டினாள். கட்டரைப் பத்திரமாக மேலே எடுத்துவிட்டு, "இனி பின்னேரத்துக்குத்தான் வரும் கிஷாந்த். வந்தா அந்தத் துண்ட முதல்ல இருந்தே ஓட்டுவோம். நான் போய் காஸ் லொறி வந்திருச்சான்னு பார்த்திட்டு வர்றேன், வீட்ல அடுப்பு எரிஞ்சி நாளாச்சி," என்று சொல்லிவிட்டு வரிசைக்குப் போனாள்.

அவள் போய்க் கொஞ்ச நேரத்தில் கரண்ட் வந்துவிட்டது.

கிஷாந்த் யோசித்தான். முதலிலிருந்து ஓட்டினால், வெட்டி முடிந்த கோடுகளிலேயே கத்தி வெறுமனே திரும்ப நடக்கும். அதற்குள் மறுபடி கரண்ட் போனால்? ஃபோன் எடுத்தால் அக்கா வரிசையை விட்டு ஓடிவருவாள். பிறகு அவள் இடம் போய்விடும். பாவம், அவளுக்கும் வீட்டில் சமைக்க வேண்டுமே. நின்ற இடத்திலிருந்தே தொடங்கி, அவள் வரும்போது முடித்து வைத்திருந்தால் எவ்வளவு சந்தோஷப்படுவாள்! நின்றுபோன வரியைத் தேடிப் பிடித்தான். மெஷின் எல்லாவற்றையும் மறந்திருக்கும் என்பது அவனுக்குத் தெரியும். கத்தியைச் சுற்றச் சொன்னான், அதைக் குளிர்விக்கிற தண்ணீரைத் திறக்கச் சொன்னான், வேகத்தைச் சொன்னான். கத்தியின் நீளத்தை மட்டும் சொல்ல மறந்தான்.

தன் முனையில் கத்தி ஒன்று இருக்கிறது என்பதையே அறியாத மெஷின், வெறும் மூக்கை வைத்து உயரத்தைக் கணக்குப் போட்டு நேரே கீழே இறங்கியது. கட்டர் கட்டிக்குள் குத்தி, கொஞ்ச தூரம் கிழித்து, முறிந்தது. கிஷாந்த் சிவப்புப் பொத்தானை அடித்தபோது எல்லாம் முடிந்திருந்தது.

காஸ் லொறி வரவில்லை. வெறும் சிலிண்டரோடு திரும்பிவந்த அனுஷியா, பட்டறை வாசலில் கிஷாந்த் தலையில் கை வைத்துக் குந்தியிருப்பதைக் கண்டாள். சிலிண்டரை அப்படியே போட்டுவிட்டு உள்ளே ஓடினாள். மட்டமாய்ப் பளபளத்த மேல்முகத்தில், ஒரு பக்கமாக, விரல் போகிற ஆழத்தில் ஒரு குழி.

"என்னா செஞ்ச? என்னாடா செஞ்ச?"

"அக்கா, கரண்ட் வந்திச்சு... நீங்க வரமுந்தி முடிச்சு வெப்போம் எண்டு..."

"முடிச்சிட்டியே! நல்லா முடிச்சிட்டியே! மெஷினுக்குத்தான் மறதி, உனக்குமா? முதல்ல இருந்து ஓட்டுவோம்னு தமிழ்லதானே சொன்னேன்? இதுல ஒரு மனுசன் நிக்கணும்டா!"

அவள் கத்தியது தெருவுக்கே கேட்டது. லேத் எல்லாம் நின்றது. சத்தம் ஓய்ந்ததும் அனுஷியாவுக்கு அழுகை வந்தது. கட்டியின் பக்கத்தில் நின்றபடியே, யாருக்கும் மறைக்காமல் அழுதாள்.

அந்த நேரம் பார்த்து ஃபோன் அடித்தது. சின்னராசா.

"பிள்ளை, சும்மாதான் எடுத்தனான். எப்பிடிப் போகுது?"

நன்றாகப் போகிறது என்று சொல்லிவிட வாய் வரைக்கும் வந்தது. அனுஷியா கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"அண்ணே, கட்டியில அடி பட்டிருச்சி. பெரிய அடி. செய்ய முடியுமான்னு இப்ப எனக்குத் தெரியல."

அந்தப் பக்கத்தில் கடலோர ரயில் ஒன்று போகிற சத்தம் கேட்டது.

"ஓம் பிள்ளை," என்றார் சின்னராசா மெதுவாக. "நீர் யோசியாதையும். சாப்பிட்டனீரே?"

திட்டியிருந்தால்கூட அவள் தாங்கியிருப்பாள். இந்த ஒரு கேள்விதான் அவளைப் போட்டு உலுக்கியது. ஃபோனை வைத்துவிட்டு முகம் கழுவிக்கொண்டு வந்து, குழியை அளக்கத் தொடங்கினாள். ஆழம், அகலம், நீளம், விளிம்பிலிருந்து எவ்வளவு தூரம். பிறகு வெடித்த பழைய கட்டையை எடுத்துக் கட்டியின் மேல் வைத்தாள். குழி சரியாக அந்தக் கட்டையின் கெட்டியான பக்கத்தில் விழுந்தது. அந்த இடம் ஓட்டையானால் ஒன்றுக்கும் உதவாது. கட்டையை நகர்த்தினாள். சரித்தாள். தலைகீழாகத் திருப்பி வைத்தாள்.

திருப்பி வைத்தபோது அவள் கை நின்றது.

கட்டையில் தாழ் விழுகிற பிளவு இருக்கிறதல்லவா? அந்த இடத்தில் உலோகமே இருக்காது. மேலிருந்து கீழ்வரை வெட்டி எறியப்போகிற இடம். குழி மேல்முகத்திலேயே இருக்க, கட்டியைத் தலைமாற்றித் திருப்பிக் கட்டினால், குழி ஏறக்குறைய அந்தப் பிளவின் பக்கம் வருகிறது. ஏறக்குறைய மட்டும்தான். ஆனால் கட்டி கொஞ்சம் பெரியது, நகர்த்த இடமிருக்கிறது. குழி முழுவதும் பிளவுக்குள் விழுகிற மாதிரி நகர்த்த முடிந்தால், அதை வெட்டி எறிகிற தூளோடு தூளாகப் போகவிடலாம்!

"கிஷாந்த், எழும்பி வா. அந்த மாக்கர் பேனாவ எடு."

முறிந்த கட்டரின் இடத்தில் பேனாவைப் பூட்டினார்கள். கட்டியைத் திருப்பி இறுக்கிப் பூச்சியத்தை வைத்து, பிளவு வெட்டுகிற துண்டையும் வெளி விளிம்பு வெட்டுகிற துண்டையும் ஓட்டினாள். சுற்றாத பேனா உலோகத்தின் மேல் மெல்ல ஊர்ந்து பிளவின் உருவத்தையும் கட்டையின் வெளிக்கோட்டையும் வரைந்தது. குழியின் ஒரு ஓரம் பிளவின் கோட்டுக்கு வெளியே நின்றது. துணியால் அழித்தாள். பூச்சியத்தைச் சற்று நகர்த்தினாள். மறுபடி வரைந்தாள். இப்போது குழி உள்ளே வந்தது, ஆனால் எதிர்ப்பக்கத்தில் கட்டையின் வெளிக்கோடு கட்டியைத் தாண்டிப் போயிற்று. மறுபடி அழித்தாள். லேத் அடிக்கிறவர்கள் தங்கள் வேலையை விட்டுச் சுற்றி நின்றார்கள். ஒருவரும் சிரிக்கவில்லை. ஹமீட் நானா மட்டும் வாய்க்குள் ஏதோ முணுமுணுத்துக்கொண்டிருந்தார்.

அழித்து அழித்து வரைந்து, கடைசியில் ஒரு தடவை பேனா சுற்றி வந்து நின்றபோது, குழி முழுவதும் பிளவின் கோட்டுக்குள் இருந்தது. வெளிக்கோடும் கட்டிக்குள் இருந்தது. விளிம்பில் மிஞ்சியது நகத்தின் தடிப்பளவு உலோகம்.

"அல்லாஹ்வே!" என்றார் ஹமீட் நானா. "உள்ளுக்கு ஈக்கி!"

புறோகிராமில் ஒரு எழுத்தைக்கூட அவள் மாற்றவில்லை. எல்லா அளவையும் ஒரே பூச்சியத்திலிருந்து எழுதுகிற பழக்கம் அவளுக்கு இருந்தபடியால், பூச்சியம் நகர்ந்ததும் முழு முழங்காலும் அதன் பின்னால் நகர்ந்து வந்தது. எழுதுகிறபோது ஒழுங்காக எழுதியவளுக்கு அந்த நாளில் கிடைத்த கூலி அது.

மிஞ்சியிருந்த இன்னொரு சின்னக் கட்டரைப் பூட்டியதும் கிஷாந்த் ஒதுங்கிப் போய் நின்றான்.

"நீங்க ஓட்டுங்க அக்கா. எனக்கு பயமா இருக்கு."

"பயம் இருக்கட்டும். ஓட்டுறவன் நீதான். நான் வாசிக்கிறேன், நீ ஓட்டு."

"திரும்ப பிழைச்சா?"

"பிழைச்சா ரெண்டு பேரும் சேர்ந்து போய் அவர்ட்ட சொல்லுவோம். வா."

அவளுக்குக் கோபம் தீர்ந்துபோயிருந்தது என்று நினைக்க வேண்டாம்; உள்ளே கொதித்துக்கொண்டுதான் இருந்தது. ஆனால் இன்றைக்கு இவனை மெஷினிலிருந்து விலக்கினால் இனி ஒருநாளும் இவன் அதைத் தொடமாட்டான் என்று அவளுக்குத் தெரியும். பக்கத்தில் நின்று வாசித்தாள். "பறந்து போ. நில்லு. நீளத்த எடுத்துக்க. கத்திய சுத்து. எறங்கு..." நீளத்தைச் சொன்ன இடத்தில் கிஷாந்த் திரும்பி அவள் முகத்தைப் பார்த்தான். அவள் திரையையே பார்த்துக்கொண்டு அடுத்த வரிக்குப் போனாள். துண்டு துண்டாக, கரண்ட் வந்த நேரமெல்லாம் ஓட்டி, மறுநாள் பிளவை வெட்டினார்கள். குழி இருந்த இடம் தூளாகிப் போயிற்று. தாழ் அந்தப் பிளவுக்குள் வழுக்கிக்கொண்டு போய் உட்கார்ந்தது. ஆட்டிப் பார்த்தாள், அசையவில்லை.

கால் பொருத்துகிற அம்மா சொன்னபடியே பாரம் வைத்துச் சோதித்தார். அடிபட்ட கதையை அனுஷியா மறைக்காமல் சொல்லியிருந்ததால், வெடிப்பு ஏதும் இருக்கிறதா என்று சாயம் பூசியும் பார்த்தார். எல்லாம் சரி. கைபிடிக் கம்பிகளுக்கு நடுவே சின்னராசாவைப் பல நாள் நடக்கவைத்த பிறகே வீட்டுக்கு அனுப்பினார்.

ஆனால் நடப்பது வேறு, சவரக்கத்தி பிடிப்பது வேறு. சலூன் திறந்த காலையில் அனுஷியாவும் ஹமீட் நானாவும் கிஷாந்தும் வெள்ளவத்தைக்குப் போனார்கள். காலி வீதியிலிருந்து கடற்கரைக்கு இறங்குகிற ஒழுங்கையில் சின்னக் கடை. கண்ணாடி துடைத்து, சாம்பிராணி போட்டிருந்தது. வாங்கில் பழைய வாடிக்கையாளர்கள் நெருங்கி உட்கார்ந்திருந்தார்கள். எல்லோரும் சின்னராசாவின் கையைப் பிடித்துச் சுகம் விசாரித்தார்கள். ஆனால் நாற்காலியில் உட்காரத்தான் ஆளில்லை. "நீங்க போங்கோ, எனக்கு அவசரமில்லை," என்று ஒருவர் மற்றவரைக் காட்டினார். ஒருவர் பேப்பருக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டார். அவர்களைக் குற்றம் சொல்ல முடியாது, கழுத்து யாருக்கும் ஒன்றுதானே. சின்னராசா விளங்காதவர் போலத் துணியை மடித்து மடித்து விரித்துக்கொண்டிருந்தார். அனுஷியாவுக்கு அவரைப் பார்க்க மனம் பொறுக்கவில்லை.

ஹமீட் நானா எழும்பப் போனார். அவருக்கு முன்னால் கிஷாந்த் எழுந்துவிட்டான். நேரே போய் நாற்காலியில் உட்கார்ந்து, சேர்ட்டின் மேல் பொத்தானைக் கழற்றினான்.

"முழுச் சவரம் அண்ணே. கத்தியால."

சின்னராசா அவனைக் கண்ணாடியில் பார்த்தார். அந்தக் கட்டியில் குழி விழுத்தியவன் யார் என்பது அவருக்குத் தெரியும்; கிஷாந்த் முந்தியே அவர் வீட்டுக்குப் போய், வாசலில் நின்று சொல்லிவிட்டு வந்திருந்தான். அவர் துணியைப் போர்த்தி முடிச்சுப் போட்டார். காலை நேராக்கினார், தாழ் விழுகிற சத்தம் கேட்டது. சோப்பு நுரையைத் தடவினார். கத்தியைத் தோல்வாரில் தீட்டி எடுத்தார்.

இடது கன்னம் முடிந்தது. வலது பக்கத்துக்குப் போகாமல், அங்கிருந்தே சரிந்து தாடைக்குக் கீழே கத்தியை வைத்தார். சரியும்போது உடம்பின் பாரம் முழுவதும் அந்தக் காலுக்குப் போயிற்று. கிஷாந்த் கண்ணை மூடி, கழுத்தை இன்னும் கொஞ்சம் மேலே தூக்கிக் கொடுத்தான். வாங்கில் இருந்தவர்கள் எல்லோரும் கத்தியைப் பார்த்தார்கள். அனுஷியா மட்டும் காற்சட்டைக்குள்ளிருந்த முழங்காலைப் பார்த்தாள். கத்தி குரல்வளையின் மேலால் மெல்ல ஏறி, நாடியில் முடிந்தது. முழங்கால் அப்படியே நின்றது.

சின்னராசா வலது கன்னத்தையும் முடித்து, தண்ணீர் தெளித்து, படிகாரம் தேய்த்து, துணியை அவிழ்த்து உதறினார். ஒரு சொட்டு இரத்தம் இல்லை. கிஷாந்த் கண்ணாடியில் தன் கழுத்தைத் தடவிப் பார்த்துக்கொண்டு எழுந்தான்.

"அடுத்தது ஆர்?" என்றார் சின்னராசா.

வாங்கில் இருந்தவர்கள் அத்தனை பேரும் ஒரேயடியாக எழுந்தார்கள்.